பூநாரைக்கு எது ஊர்?

கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சுபஹுத் தொழுகை முடித்த கையோடு புத்தளத்திலிருந்து வேனில் புறப்பட்டோம். நான், மனைவி, மகன், மகள், உம்மா. பதினொரு வயது மகனுக்குப் பறவை என்றால் உயிர். மன்னார்த் தீவில் பூநாரை பார்க்க வேண்டுமென்று இரண்டு வருடங்களாக நச்சரித்துக்கொண்டிருந்தான். உம்மாவிடம் நான் பூநாரையைப் பற்றிப் பேசவில்லை. "ஊருக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னேன். முதல் நாள் மாலையே உடுப்பை மடித்து வைத்துவிட்டார்.

அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி மன்னார்ப் பாலத்தை நெருங்கியபோது வெயில் ஏறிவிட்டது. அங்கே வீதியின் இரு மருங்கிலும் வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2008இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடம். ஆழமற்ற உவர்நீரில் ஊசிவால் வாத்துகள் கூட்டம் கூட்டமாய் மிதந்தன. அவற்றுக்கு அப்பால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் ஒரு கோடு.

"வாப்பா, பூநாரை!"

தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்து இரை தேடிக்கொண்டிருந்தன. மகன் கொப்பியில் இரண்டு நிரல்கள் போட்டிருந்தான்: உள்ளூர்ப் பறவை, விருந்தாளிப் பறவை. நெடுங்கால் உள்ளான் முதல் நிரலில். பூநாரை இரண்டாவதில். "இது இங்க குஞ்சு பொரிக்கிறதில்ல வாப்பா, அதனால விருந்தாளி" என்றான்.

சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைக் கண்டு நிறுத்தினார். "எங்கயிருந்து வாறீங்க?"

"புத்தளம்" என்றேன் நான்.

"நாங்க எருக்கலம்பிட்டி" என்றார் உம்மா, அதே நேரத்தில்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்லி அகப்பட்ட மாணவனைப் போல நின்றேன். ஆனால் இரண்டுமே பொய்யல்ல.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. படகேறிக் கற்பிட்டியில் இறங்கினோம். புறப்படுமுன் உம்மா செய்த கடைசி வேலை கோழிக்கூட்டைத் திறந்துவிட்டதுதான். வாப்பா அகதி முகாமில் நோயாளியாகி, புத்தளம் மையவாடியில் அடங்கிவிட்டார். 2009இல் யுத்தம் முடிந்த பின் பலர் திரும்பிப் போய் வீடு கட்டினார்கள். நாங்கள் போய்க் காணியைத் துப்புரவாக்கிவிட்டுத் திரும்பினோம். எனது தொழில், பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் குடும்பம் எல்லாம் புத்தளத்தில். மீள்குடியேற்றப் படிவம் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

லுஹரை எருக்கலம்பிட்டியில் தொழுதோம். காணியில் கிணறு மட்டும் அப்படியே இருந்தது. களப்புக் கரையில் மறுபடியும் பூநாரைகள். மகன் நீட்டிய தொலைநோக்கியை உம்மா வாங்கவில்லை.

"இதுகளப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்த? முந்தி நான் மீன் கழுவப் போனா எதிர்ல நிக்குங்கள்."

நான் பிள்ளைகளுக்கு ஒரு கடற்காகத்தின் கதையைச் சொன்னேன். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் மீது கருவி பொருத்திவிட்டார்கள். அது வடதுருவத்தை அண்டிய ரஷ்யக் கரைவரை பறந்து, மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தது.

"அப்ப அதுக்கு எது வாப்பா ஊர்?" என்று மகள் கேட்டாள். இருபது வருடங்களாக வகுப்பில் கேள்விகளுக்கு விடை சொல்லி வந்தவன் நான். களப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். மதவாச்சி தாண்டியதும் உம்மா மெதுவாகக் கேட்டார்:

"மகன், அடுத்த மாசமும் வருவமா, பறவை பாக்க?"

பின் ஆசனத்திலிருந்து மகன் எழும்பிச் சொன்னான்: "மார்ச் பிந்தினா போயிருங்கள் வாப்பும்மா."

"அப்ப அதுக்கு முந்தி வருவம்" என்றார் உம்மா.