அய்யலூர்ச் சாலையில் ஒரு சக்கரத்தின் ஓசை

திருச்சிராப்பள்ளியையும் திண்டுக்கல்லையும் இணைக்கும் பெருவழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுடையது. மணப்பாறையையும் வையம்பட்டியையும் கடந்து வருவோர், சமவெளி மெல்ல ஒதுங்கிக் குன்றுகள் அணுகிவரும் இடத்தில் அய்யலூரை அடைகின்றனர். வேடசந்தூர் வட்டத்தைச் சேர்ந்த பேரூர் இது. வியாழன்தோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் அண்டை மாவட்டங்களிலும் பெயர் பெற்றது. 1875ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற திருச்சி - மதுரை இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. இப்பகுதியின் காடுகளில் தேவாங்கு என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. அதனைக் காப்பதற்கென 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது.

வண்டியோட்டிகளுக்கோ இவ்வூர் பிறிதொரு காரணத்தால் நினைவிலிருக்கும். நெடுஞ்சாலையோரம் வண்டிக் கருப்பணசாமி கோயில் உள்ளது. லாரியோ காரோ, அவ்வழியே செல்வோர் பலர் அங்கு நிறுத்தி, தேங்காய் உடைத்து, வழிப்பயணம் நலமாக அமைய வேண்டிக்கொண்டு செல்கின்றனர். புதிதாக வாங்கிய வண்டியை முதலில் அங்குக் கொண்டுவருவோரும் உண்டு. பிறர் வழிபாட்டைப் பற்றி உரைப்பது நம் நோக்கமன்று. எனினும் இவ்வழக்கத்தில் ஒரு நன்மையை நாம் காண்கிறோம். விரைந்து வந்த வண்டி அங்கே சற்று நிற்கிறது. ஓட்டுநர் இறங்கி அதைச் சுற்றி நடக்கிறார். நிற்கும் அந்தச் சில நிமிடங்களே பல வேளைகளில் வண்டியின் குறையைக் காட்டிக் கொடுக்கின்றன.

சக்கரம் செய்யும் உழைப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீட்டர் தொலைவு உருள்கிறது. அவ்வாறாயின் ஒரு கிலோமீட்டருக்கு 550 சுற்றுகளுக்கு மேல். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வருவதற்குள் 55,000 சுற்றுகள்! இத்தனை சுழற்சியையும், வண்டியின் பாரத்தையும் ஒருங்கே தாங்குவது பேரிங் எனப்படும் சிறு உறுப்பே. இரு எஃகு வளையங்கள், அவற்றினிடையே உருளும் எஃகுக் குண்டுகள், அவற்றைக் காக்கும் கிரீஸ். அவ்வளவே அதன் அமைப்பு. நீரோ மண்ணோ உள்ளே புகுந்தாலும், கிரீஸ் வற்றினாலும், வழுவழுப்பான எஃகில் சிறு குழிகள் விழுகின்றன. அன்றுமுதல் அது முனகத் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாருடன் இச்சாலையில் வர நேர்ந்தது. நோயுற்ற தாயைத் திருச்சி மருத்துவமனைக்கு மாதந்தோறும் அழைத்துச் செல்வதற்காகவே அவர்கள் ஒரு பழைய சிறு காரை வாங்கியிருந்தனர். பின்புறத்திலிருந்து இடைவிடாத ரீங்காரம் எழுந்தது. "டயர் தேய்ந்துவிட்டது; இரண்டையும் மாற்றிவிடுங்கள்" என்று யாரோ கூறியிருந்தபடியால், மகன் அதற்கென மனைவியின் வளையல்களை அடகு வைக்க எண்ணியிருந்தார். அய்யலூரை நெருங்குகையில் ஓசை மிகுந்தது. தாய் அஞ்சினார். சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம்.

பட்டறைக்காரர் முதியவர். எந்தக் கருவியையும் எடுக்குமுன் அவர் கேட்டவை கேள்விகளே. "வேகம் கூடும்போது ஓசை கூடுகிறதா தம்பி? பிரேக் மிதித்தால் மாறுகிறதா? கிளட்சை மிதித்தால் நிற்கிறதா?" கிளட்சை மிதித்து எஞ்சின் வேகம் குறைந்தபின்னும் ஓசை அப்படியே தொடர்ந்தால் குற்றம் எஞ்சினில் இல்லை, சக்கரங்களின் பக்கமே என்பது அவர் கணக்கு. பின்பு வாகனமில்லாத சிறு சாலையில் மெதுவாக ஓட்டச் செய்து உடன் வந்தார். வலப்புறம் வளைகையில் ஓசை உயர்ந்தது. இடப்புறம் வளைகையில் தணிந்தது. வண்டி வலப்புறம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. ஆகவே அவர் ஐயம் இடப்பக்கப் பின்சக்கரத்தின்மேல் விழுந்தது.

ஐயம் வேறு, தெளிவு வேறு என்பதையும் அவர் அறிந்திருந்தார். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியால் பின்புறத்தை உயர்த்தி, உறுதியான முட்டுக் கொடுத்த பின்னரே கைப்பிரேக்கை விடுவித்தார். முதலில் டயரின் பட்டன்களை உள்ளங்கையால் தடவினார். ஒழுங்கின்றித் தேய்ந்த டயரும் பேரிங்கைப் போலவே இரையும். அவ்வாறு ஐயம் எழுந்தால் பின் டயரை முன்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓசையும் முன்னே சென்றால் குற்றம் டயருடையது. இங்கோ தேய்மானம் சீராக இருந்தது. அடுத்துச் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து அசைத்தார். சிறிது ஆட்டம் தென்பட்டது. பின்பு ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்தார். நம்மையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அம்மியில் மணல் அரைபடுவது போன்றதோர் அதிர்வு விரல்களில் உறைத்தது. வலப்பக்கச் சக்கரத்தில் அஃது இல்லை.

"சாமி, பிரேக் ஷூ உரசினாலும் இப்படித்தான் தோன்றும்" என்று கூறி, டிரம்மைக் கழற்றினார். ஷூவில் குறையில்லை. பேரிங்கை மட்டும் விரலால் திருப்பியபோது அது கரகரத்தது. சாட்சியம் முழுமையாயிற்று. உள்ளூர்க் கடையிலேயே புதிய பேரிங் கிடைத்தது. அதன் விலை ஒரு டயரின் விலையில் சிறு பங்கே. வளையல்கள் அடகுக் கடைக்குச் செல்லவில்லை. அதனினும் பெரிது ஒன்றுண்டு: பேரிங் முற்றிலும் சிதைந்தால் சக்கரம் தள்ளாடும், பிரேக் பழுதுபடும், சில வேளை சக்கரமே கழன்றோடும். புதிய டயர்களை மாட்டிக்கொண்டு, குற்றம் நீங்கிற்றென நம்பி, அத்தாயுடன் அவர்கள் மீண்டும் திருச்சிக்குப் புறப்பட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது.

இம்முதியவர் கையாண்ட முறை இருப்புப்பாதையிலும் பழமையானது. நிலையத்தில் நிற்கும் ரயிலின் சக்கரங்களை நீண்ட பிடியுள்ள சுத்தியலால் தட்டிச் செல்லும் ஊழியரை மூத்த வாசகர்கள் கண்டிருப்பர். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசலுற்றது மழுங்கிய குரல் கொடுக்கும். அச்சு சூடேறியுள்ளதா என்பதையும் அவர்கள் நோக்குவர். இன்று தண்டவாளத்தருகே பொருத்தப்படும் கருவிகள் ஓடும் ரயிலின் அச்சுச் சூட்டை அளக்கின்றன. கருவி மாறினும் நெறி ஒன்றே: ஓசையையும் சூட்டையும் முதலில் கவனி, பின்னரே கைவை.

வாசக அன்பர்கள் இல்லத்தில் கார் இருப்பின் சிலவற்றை நினைவில் கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை "டிக், டிக்" எனக் கேட்டால் டயரில் கல்லோ ஆணியோ சிக்கியிருக்கலாம்; வீல் நட்டுகளையும் உடனே சரிபார்க்க வேண்டும். மழையில் நின்ற வண்டி காலையில் சற்று உரசினால் அது பெரும்பாலும் துரு. சில முறை பிரேக் மிதித்ததும் நீங்கிவிடும். வேகத்தோடு உயரும் இடைவிடாத ரீங்காரமே பேரிங்கின் குரல். இனி, 1958 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடர் போன்று பின்சக்கரங்களால் உந்தப்படும் கார்களில், அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியும் இரையும். ஆக்சிலரேட்டரை மிதிக்கையிலும் விடுகையிலும் அவ்வோசை மாறுவதால் அதனை வேறுபடுத்தி அறியலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் இரு பின்சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் அதனைப் பொருட்படுத்த வேண்டும். பிரேக் டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதலாகாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருந்ததுண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் நுழையவும் வேண்டாம்.

ரேடியோவின் ஒலியை உயர்த்திச் சக்கரத்தின் ஓசையை மறைத்துவிடலாம். சக்கரம் அதனால் குணமடைவதில்லை. கேட்டவர் சொல்லை நம்பி, கண்ட பாகத்தையெல்லாம் மாற்றுவதாலும் பயனில்லை. ஓசை எங்கிருந்து வருகிறது என்று பொறுமையோடு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பவரே பணத்தையும் காக்கிறார். வண்டியில் அமர்ந்திருக்கும் தம் மக்களின் உயிரையும் காக்கிறார்.