எந்த பிராசஸர் நல்லது?

போன மாதம் ஒரு மாலை, கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும் என் பேரன் ஒரு காகிதத்தோடு வந்து சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். பணம் தாத்தாவுடையது என்பதால் ஆலோசனையும் தாத்தாவிடம். காகிதத்தில் இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு இன்டெல் ஐ3, மற்றதன் தலைப்பு ஏ.எம்.டி. ரைசன் 3. இரண்டின் கீழும் வரிசையாக எண்கள்.

"இது அதைவிட முப்பது சதவீதம் வேகம் தாத்தா. மூவாயிரம் ரூபாய்தான் கூட."

"எந்த வேலையில் முப்பது சதவீதம்?" என்று கேட்டேன். அவன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். அதில் அந்த விவரம் இல்லை.

எங்கள் திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் போய், "ஆடுதுறை 36 நல்லதா, ஆயிரத்தொன்பது நல்லதா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். முதலாவது 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், குறுவைக்கு ஏற்றது. சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும்; சம்பாவுக்கு ஏற்றது. பட்டத்தைச் சொல்லாமல் நெல்லை ஒப்பிட முடியாது. பிராசஸரும் அப்படித்தான் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

மறுநாள் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் போனோம். இரண்டு லேப்டாப்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அனுமதித்தார். என்னுடைய பென்ஷன் வரவு செலவுக் கணக்கை இரண்டிலும் திறந்தோம். கண் இமைக்கும் நேரம்தான்; வித்தியாசமே இல்லை. பிறகு எங்கள் ஊர் தைப்பூசத் தேரோட்டத்தைப் பேரன் செல்போனில் எடுத்த வீடியோவை இரண்டிலும் சுருக்கிப் பார்த்தோம். ஒன்று 6 நிமிடம் எடுத்துக்கொண்டது, மற்றது 8 நிமிடம்.

"இந்த மாதிரி எத்தனை வீடியோ சுருக்குவாய்?"

"மாசத்துக்கு ஒண்ணு" என்றான், குரலைத் தாழ்த்தி.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவனுக்கு நம் சென்னை ஐ.ஐ.டி.யின் கதையைச் சொன்னேன். அங்கே பேராசிரியர் காமகோடியின் குழு 'சக்தி' என்ற பெயரில் பிராசஸர்களை வடிவமைத்தது. 2018-இல் ஒரே வகை வடிவமைப்பை இரண்டு இடங்களில் சில்லாக வார்த்தார்கள். ஒன்று அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டர் முறையில். இன்னொன்று சண்டிகரில் உள்ள நம் அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில், 180 நானோமீட்டர் முறையில். இந்த எண் சிறியதாக இருந்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் நுணுக்கமாக இருக்கும், நெருக்கமாக நிற்கும், சீக்கிரம் வேலை முடியும். ஓரிகன் சில்லு 350 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. சண்டிகர் சில்லு 70. விதை ஒன்றுதான், வயல்தான் வேறு.

எழுபது என்றதும் பேரன் சிரித்தான். ஆனால் வேகம் குறைந்தது என்று அதை யாரும் தூக்கிப் போடவில்லை. அதே சக்தி வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு, அதே சண்டிகர் ஆலையில் வார்க்கப்பட்ட 'ஐரிஸ்' என்ற சில்லை 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அறிவித்தன. அது விண்வெளிப் பணிக்கானது. மேலே போன பிறகு எந்த மெக்கானிக்கையும் அனுப்ப முடியாது. அங்கே முதல் கேள்வி வேகம் பற்றியது அல்ல. தவறாமல் வேலை செய்யுமா என்பதுதான்.

வேகமானது தவறு செய்த கதையும் உண்டு. 1994-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களை வைத்து நீண்ட கணக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். புதிதாக வந்திருந்த பென்டியம் கணினியையும் அதில் சேர்த்தார். விடை இடித்தது. பழைய 486 கணினியில் அதே கணக்கைப் போட்டால் சரியாக வந்தது. மாதக்கணக்கில் தேடி, தப்பு பென்டியம் சில்லுக்குள்ளேயே இருப்பதைக் கண்டுபிடித்தார்.

காரணத்தைப் பள்ளிக்கூடக் கணக்காகவே சொல்லிவிடலாம். வகுத்தலில் நாம் ஒவ்வொரு இலக்கமாக விடையைக் கண்டுபிடிக்கிறோம். 486 ஒவ்வொரு படியிலும் ஒரு பிட் கண்டுபிடிக்கும். பென்டியம் இரண்டிரண்டாகப் பாயும். அதற்காக உள்ளே ஒரு வாய்ப்பாடு எழுதி வைத்திருந்தார்கள். அந்த வாய்ப்பாட்டில், இன்டெல் விளக்கியபடி, 5 இடங்கள் விடுபட்டிருந்தன. அந்த இடத்துக்கு வரும் கணக்கு மட்டும் தப்பாகும். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டும். பென்டியம் 1.3337 என்றது. சாதாரண ஆளுக்கு இந்தத் தவறு 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நேரும் என்று இன்டெல் முதலில் சொல்லிப் பார்த்தது. ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. டிசம்பரில், கேட்டவர்களுக்கெல்லாம் சில்லை மாற்றித் தருவதாக அறிவித்தது. செலவு 47.5 கோடி டாலர்.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று அப்போது வீட்டில் சொல்லவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி, அதற்குக் கீழே ஈவை எழுதுவோம். கணக்கு முடிந்ததும் 'ப்ரெவ் பார் நெஃப்' போட்டுக் காட்டாவிட்டால் எங்கள் வாத்தியார் மதிப்பெண் தர மாட்டார். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, விடையைச் சரிபார்க்கும் முறை அது. பள்ளியை விட்டு வேலைக்கு வந்ததும் அதை மறந்தேன். அலுவலகத்தில் என் பெயரே வேகம்தான். நாளுக்குப் பன்னிரண்டு கோப்பு முடிப்பேன். பக்கத்து மேசையில் இருந்த மூத்த எழுத்தர் ஐந்து முடித்தால் அதிகம். ஒவ்வொரு கூட்டலையும் மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை போடுவார். அவருக்கு நாங்கள் 'எஸ்கார்கோ' என்று பெயர் வைத்திருந்தோம். பிரெஞ்சில் நத்தை.

எண்பதுகளில் இறந்துபோன காவலாளி ஒருவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கணக்கிடும் கோப்பு என்னிடம் வந்தது. மூன்றே நாளில் முடித்து அனுப்பினேன். அந்த அம்மா அலுவலக வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பதினான்கு மாதம் கழித்து வேறொரு காரியமாக அந்தக் கோப்பு நத்தையிடம் போனது. அவர் பணிப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சம்பளத் திருத்த ஆணை ஒட்டியிருந்த பக்கத்தை நான் புரட்டவே இல்லை. மாதம் 70 ரூபாய் குறைவாகப் போட்டிருந்தேன். அவர் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கோப்பை என் மேசையில் வைத்து, அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாக்கித் தொகையை வாங்க வந்த அன்று அந்த அம்மாவிடம் தவறு என்னுடையதுதான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மூணே நாள்ல முடிச்சுக் குடுத்த புண்ணியவான்னு எங்க தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருந்தேனே ஐயா" என்றார். வைதிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பதினான்கு மாதத்தில் அவருடைய இரண்டாவது பையன் பள்ளிக்கூடத்தை விட்டு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. மாதம் 70 ரூபாய் வந்திருந்தால் படித்திருப்பானா? என்னால் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நாளுக்கு ஆறு கோப்புதான் முடித்தேன். இரண்டு முறை போட்டுப் பார்க்காமல் ஒரு கோப்பும் என் மேசையை விட்டு நகரவில்லை. மூத்தவரை அப்படிக் கூப்பிடுவதையும் விட்டேன். ஆனால் அவர் இருந்தவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

பஸ் திருவிடைமருதூர் வந்துவிட்டது. பேரன் ஒன்றும் பேசாமல் என் பையை வாங்கிக்கொண்டு இறங்கினான்.

கடைசியில் 8 நிமிடக்காரனைத்தான் வாங்கினோம். மிச்சமான மூவாயிரத்தில் கூடுதல் ரேம் போட்டுக்கொண்டான். பல வேலைகளை ஒன்றாகத் திறந்து வைக்கும் அவனுக்கு அதுதான் உதவும் என்று கடைக்காரரும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக 4195835-ஐ 3145727-ஆல் வகுக்கச் சொன்னேன். நொடியில் 1.3338 என்று வந்தது.

பிறகு அவனுடைய ஒப்பீட்டுக் காகிதத்தின் பின்பக்கத்தில், வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி, நானும் கையால் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. பதினொரு நிமிடம் ஆயிற்று தாத்தா என்று பேரன் செல்போனைப் பார்த்துச் சொன்னான்.