சடுகுடுக் களத்திற் காயம்

விளையாட்டு உடலை வளர்க்கும் என்பது யாவரும் ஒப்பும் உண்மை. ஆயின், ஒரே களத்தில் ஆடும் எழுவருள் ஒருவன் பல்லாண்டு பழுதின்றி ஆட, மற்றொருவன் ஆண்டுதோறும் கட்டுப்போட்ட காலோடு திண்ணையில் அமர்வது என்னை? எமது ஊராகிய மாரண்டஹள்ளியில் இவ்வினாவிற்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக உள. முதியோர் 'கண்ணேறு' என்பர். இளையோர் 'அவன் உடம்பு அவ்வளவுதான்' என்பர். இவ்விரண்டும் முழுதும் பொருந்தா என யாம் கருதுகிறோம்.

முதற்காரணம், ஆட்டத்தில் அவன் ஏற்கும் பணி. கபடி என்று இன்று உலகறியும் சடுகுடுவில் பாடிச் செல்வோன் தனியன், எதிர்நிற்போர் எழுவர். 30 நொடிக்குள் தொட்டு மீளவேண்டி, அவன் விரைந்தோடிச் சட்டென நின்று திரும்புகிறான். அவ்வேளை ஒருவன் கணுக்காலைப் பற்ற, மற்றொருவன் இடுப்பை வளைக்கிறான். பாதம் மண்ணில் ஊன்றி நிற்க உடல் மட்டும் திரும்புமாயின், அத்திருகல் முழங்காலையே தாக்கும். அதனுள்ளே இரு நார்கள் சிலுவைபோற் குறுக்கிட்டு எலும்புகளைப் பிணித்துள்ளன. அவற்றுள் முன்னார் அறுபடுவது பெரும்பாலும் இத்தகைய திருகலாலேயாம். அடிக்கடி பாடிச் செல்வோன் அடிக்கடி அடிபடுதல் கண்ணேறன்று, வெறுங் கணக்கே.

அமெரிக்கர் ஆடும் காற்பந்திலும், பந்தைச் சுமந்தோடுவோன்மீது பலர் மோதி வீழ்த்துவர். 1905ஆம் ஆண்டில் அங்கு இளைஞர் பலர் ஆட்டத்தில் அடிபட்டு மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். 1906இல், பந்தை முன்னோக்கி எறிய இடமளித்து ஆட்டமுறை திருத்தப்பட்டது. விதியென்று வாளாவிராது விதிகளை மாற்றினர் அவர்.

இரண்டாங் காரணம் பழங்காயம். முன்பு காயமுற்றவனே மீண்டும் காயமுறுதற்கு மிக ஏற்றவன் என்பது மருத்துவர் பன்முறை கண்டது. அறுந்த நாரைச் சீர்செய்துகொண்டோர், தக்க பயிற்சியோடு ஒன்பது திங்களேனும் பொறுத்தல் வேண்டும் என்பர். எம் தெருவில் வாழும் அண்ணன் ஒருவர் பொங்கற் போட்டியில் முழங்கால் திருகி வீழ்ந்தார். வீக்கம் வடிந்ததும் நலமாயிற்றென எண்ணி, அடுத்த திங்களே ஊரார் அவரைக் களத்திற்கு அழைத்தனர். வலி நீங்குதல் வேறு, நார் வலுப்பெறுதல் வேறு அன்றோ! அக்கால் மீண்டும் மடிந்தது. இன்று தக்காளிக் கூடை சுமந்து வரப்பில் நடக்கவும் அவர் அஞ்சுகின்றார். ஊரோ அவரை ராசியில்லாதவர் என்கிறது. இரண்டாம் முறை அழைத்தவர் யாரென்பதை மறந்துவிட்டது.

மூன்றாங் காரணம் களைப்பும் ஆயத்தமின்மையும். பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்து, இரவு விளக்கொளியிற் கட்டாந்தரையில் ஆட்டத்தின்மேல் ஆட்டம் ஆடுவோனது தசை, முழங்காலைக் காக்கும் ஆற்றலை இழக்கிறது. உடலைச் சூடேற்றுதல், ஒற்றைக்காலில் நிலைத்தல், குதித்திறங்குகையில் முழங்கால் உட்புறம் சாயாது காத்தல், பின்தொடைக்கு வலுவூட்டல் ஆகிய பயிற்சிகள் காற்பந்தாடுவோரிடையே காயங்களைக் குறைத்தமை ஆய்வுகளாற் புலனாயிற்று. இவற்றிற்கு இருபது நிமிடம் போதும், காசு வேண்டா.

பிறவி உடல்வாகிற்கும் பங்கு உண்டு. ஒத்த ஆட்டங்களில் ஆடவரினும் மகளிர்க்கு முன்னார் மிகுதியாக அறுபடுகிறது. எனினும் அஃதொன்றே காரணமாயின், பயிற்சியும் ஓய்வும் பயன்தரா, அவையோ பயன்தருகின்றன.

ஆதலின், அன்பர்காள்! ஒருவன் மீண்டும் மீண்டும் வீழ்வானாயின், அவன் ஊழை ஆராயுமுன் அவன் ஏற்ற பணியையும், ஆறாத காயத்தையும், அவனுக்கு யாம் மறுத்த ஓய்வையும் ஆராய்வோமாக. பரிசுக் கோப்பை அடுத்த ஆண்டும் வரும். ஓய்ந்திருக்கும் வீரனைக் கோழையென எள்ளாதிருத்தல், ஆடத் தெரியாதாரும் அணிக்குச் செய்யத்தக்க பேருதவியாம்.