காடு நின்றுவிடும் கோடு

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் உலக முடிவு என்ற பள்ளத்தைப் பார்த்து, படம் பிடித்து, வந்த வேனிலேயே திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காலடியில் 800 மீட்டருக்கும் மேலாக நிலம் செங்குத்தாக விழுந்துகிடந்தால் யாருக்குத்தான் வேறு எதையும் பார்க்கத் தோன்றும்? ஆனால் அந்த மலைக்கு அடியிலிருந்த தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே வேறொரு கேள்வி இருந்தது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டுகிற இடம். பாசி தொங்கும் அடர்காடு பள்ளத்தாக்கெல்லாம் நிறைந்திருக்கிறது. அந்தக் காடு ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்தான். காட்டை அங்கே நிறுத்தியது யார்?

தோட்டத்துப் பெரியவர்களிடம் பதில்களுக்குப் பஞ்சமில்லை. அனுமார் வால் நெருப்பு பட்டுக் கருகிய இடம் என்பார் ஒருவர். வெள்ளைக்காரத் தொரை வேட்டையாட வசதியாக வெட்டிவிட்டான் என்பார் இன்னொருவர். சாமி இடம், கேள்வி கேட்காதே என்று முடித்துவிடுவார்கள் கிழவிகள்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து பல காலம் ஆனபிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டு, போன தை மாதம் மறுபடி மலையேறினேன். ஒஹியவில் என் பள்ளித்தோழன் இருக்கிறான். வருகிறவர்களுக்கு வழிகாட்டிக் கூட நடப்பதுதான் இப்போது அவன் தொழில். கொழும்பிலிருந்து நைட் மெயிலில் வந்தால் நாட்டின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலயை, 1,891 மீட்டரில், தாண்டியதும் சுரங்கம். அது முடிந்து சற்று நேரத்தில் ஒஹிய. இறங்கும்போதே குளிர் காதைக் கடித்தது. "என்னாடா, தொப்பிகூட போடாம வந்துட்ட?" என்று தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் அழுத்தினான்.

வீட்டில் ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும். அவனுடைய அப்பாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். பேச்சில் தளர்ச்சி இல்லை. நான் கேள்வியை எடுத்ததும் அவர் சிரித்தார். "நெருப்பு வெச்சாத்தானே தம்பி புல்லு? வெக்கலன்னா மாடு என்னத்தத் திங்கும்?" அவருடைய இளமையில் கீழ்ப்பக்கத்து மாட்டுக்காரர்கள் பனிக்காலக் காய்ச்சலில் பத்தனைக்குத் தீ வைப்பார்களாம். மழை விழுந்ததும் பச்சைக் கொழுந்து கிளம்பும். மாடுகளை ஏற்றிவிடுவார்களாம். எங்கள் பக்கத்தில் புல்மலையைப் பத்தனை என்றுதான் சொல்வோம்.

தோட்டத்துப் பதில்களில் எளிதில் கழித்துவிடக்கூடியது தொரை வெட்டினான் என்பது. பிரிட்டிஷ் படை அதிகாரிகள் இருவர் வேட்டைக்குப் போய் இந்த மேட்டுநிலத்தைக் 'கண்டுபிடித்தது' 1834இல். அப்போதைய ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வைத்தார்கள். மஹா எலிய என்று சிங்கள மக்கள் அழைத்து நடமாடிய இடத்துக்கு இது இரண்டாவது பெயர், அவ்வளவே. 1850களில் வேட்டை நூல் எழுதிய சாமுவேல் பேக்கர், நாய்களை ஓட்டி மரைகளைத் துரத்திய இடமாக இதே திறந்த வெளியை வர்ணிக்கிறார். கோப்பி காலூன்றி முடிவதற்குள்ளேயே, தேயிலை தோட்டமாக வருவதற்கு முன்பே, புல் இங்கே இருந்திருக்கிறது.

தொரைமார்கள் இங்கே வெட்டவில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1873இல் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஜோசஃப் டால்டன் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விடும்படி அரசுக்கு யோசனை சொன்னார். அதன்படி உத்தரவும் போட்டார்கள். நுவரெலியாவைச் சுற்றி 6,000 அடியிலும் தேயிலை நிற்பதைப் பார்க்கும் எவருக்கும் அந்த உத்தரவு எவ்வளவு தூரம் மதிக்கப்பட்டது என்பது விளங்கும். என்றாலும் இந்தச் சமவெளி தப்பியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் இறங்குகிறது. அன்று தேயிலை மேலே ஏறியிருந்தால் கீழே வயல்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஒஹியவிலிருந்து சமவெளியிலுள்ள பழைய விடுதியான ஃபார் இன் வரை 11 கிலோமீட்டர் ஏற்றம். நடந்தே போனோம். பாதைக்காக மண்ணை வெட்டிய ஓரிடத்தில் தோழன் நின்று, கத்தி முனையால் கரையைச் சுரண்டினான். மேலே ஒரு முழத்துக்குக் கருகருவென்று ஈர மண். கையில் எடுத்தால் பிழிந்த தேயிலைச் சண்டுபோல் நொறுநொறுத்தது. அதற்கடியில் செம்மண். கறுப்பு மண்ணுக்குள் உளுந்தளவு கரித்துண்டு ஒன்று சிக்கியது. நசுக்கினான்; விரலில் மை ஒட்டியது. "எங்கப்பா காலத்து நெருப்பா, அவரு பாட்டன் காலத்து நெருப்பா, யாருக்குத் தெரியும்?" என்றான்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் ரத்னசிரி பிரேமதிலகவும் யான் ரிஸ்பெர்க்கும் இங்கே சதுப்பைத் துளைத்தார்கள். 2003இல் வெளியான அவர்களது ஆய்வு, சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மகரந்தத்தைக் கொண்டு 24,000 ஆண்டுக் காலநிலையை வாசிக்கிறது. பனியுகம் உச்சத்தில் இருந்தபோது பருவமழை தளர்ந்து இந்த மேட்டுநிலம் வறண்டு கிடந்தது. பிறகு மழை வலுத்தது, காடு பரவியது. பனியுகம் முடியும் கட்டத்திலேயே இங்கே மனிதர் காட்டை எரித்து, கால்நடை மேய்த்து, பின்னர் பார்லி, ஓட்ஸ் போன்றவற்றைப் பயிரிட்டிருக்க வேண்டும் என்றும் பிரேமதிலக வாதிடுகிறார். பயிர் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. காட்டுப்புல்லின் மகரந்தத்தையும் தானியத்தின் மகரந்தத்தையும் பிரித்தறிவது நிபுணர்களுக்கே சங்கடமான வேலை. ஆனால் மனிதர் இங்கே ஏறிவந்தார்கள் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பலாங்கொடைப் பண்பாட்டைச் சேர்ந்த கல்லாயுதங்கள் இந்தச் சமவெளியிலேயே கிடைத்திருக்கின்றன.

ஆகவே புல் முதலில் வந்தது வறட்சியால். அதுவரை சரி. மழை திரும்பி, காடு பரவக்கூடிய காலம் வந்து பல ஆயிரம் ஆண்டுகளாகியும் புல் ஏன் இடத்தைக் காலி செய்யவில்லை? பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி பியர்சன் என்பவர் 1899இலேயே எழுதினார். அன்றிலிருந்து மண்ணா, காற்றா, தீயா என்று வாதம் ஓய்ந்தபாடில்லை. என் சந்தேகத்தைத் தோழனிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் காட்டோரத்துக்குக் கூட்டிப்போனான். கீன மரங்கள் குடை விரித்து நின்றன. அவற்றின் நிழலில் நாற்றுகள் மண்டிக் கிடந்தன. நிழலைத் தாண்டிப் புல்லுக்குள் வந்தால் ஒரு நாற்றைக் காணவில்லை. புல் குத்து ஒன்றை விலக்கிக் காட்டினான். அடியில் உறைபனி கடித்துக் கறுத்த இலைகள். பக்கத்தில் மரை நுனி கிள்ளிய ஒரு ரத்மல் செடி, முழங்கால் உயரத்தைத் தாண்ட முடியாமல் முறுக்கிக்கொண்டிருந்தது. தை, மாசி இரவுகளில் இங்கே புல்மேல் பனி உறையும். மரத்தடியில் உறையாது.

இவ்வளவையும் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். வறண்ட காலம் புல்லைக் கொண்டுவந்தது. மனிதன் வைத்த தீ அதைக் காத்தது. உறைபனியும் மரையும் இன்றுவரை காவலிருக்கின்றன. இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களாக இருக்க வேண்டும்.

மனிதன் கை படாத இயற்கை என்று இந்த இடத்தை விளம்பரம் செய்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபார் இன் பக்கத்துச் சமனான நிலத்தில் 1960களில் உருளைக்கிழங்கு போட்டார்கள். தோழனின் அப்பா அங்கே கூலிக்குப் போய் மூட்டை தூக்கியவர். பின்னர் பயிர்ச்செய்கை கைவிடப்பட்டது. அந்த நிலத்தில் வெளியிலிருந்து வந்த மெல்லிய புல் படர்ந்துவிட்டது. சாயங்காலத்தில் மரைக் கூட்டம் சொந்தப் பத்தனையை விட்டுவிட்டு அங்கேதான் நிற்கிறது. மஞ்சள் பூப் பூக்கும் ஐரோப்பிய முட்செடியும் வெள்ளைக்காரன் காலத்து வரவுதான். அதைப் பிடுங்கிப் பிடுங்கி ஆட்களுக்குக் கை காய்த்துவிட்டது.

1969இல் காப்பிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட 3,160 ஹெக்டேர் இது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. மாடு போய்விட்டது, தீயும் தடை. புல்லைக் காத்துவந்த கைகளில் ஒன்று விலகிவிட்டது என்று பொருள். இன்னும் ஒரு தலைமுறையில் காட்டின் கோடு நகருமா என்பதை ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும். அளவெடுக்கப் போகிறவர்கள் கருவிகளோடு, தீ வைத்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்த கிழவர்களின் பேச்சையும் பதிவு செய்துகொண்டால் நல்லது. அவர்களில் பலர் இப்போது இல்லை.

மறுநாள் கிரிகல்பொத்த ஏறினோம். 2,388 மீட்டர், போக ஏழு, வர ஏழு கிலோமீட்டர். குட்டை மூங்கிலும் சேறும் குறுக்கிடும் அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் வலித்தது, பேச்சு தீரவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: தை, மாசியில் போங்கள். முடிந்தால் ஒஹியவில் இறங்கி நடந்தே ஏறுங்கள். காலை ஒன்பதைத் தாண்டினால் உலக முடிவில் மூடுபனி ஏறிவிடும். அதனால் அதை முதலில் பார்த்துவிடுங்கள். திரும்பும்போது காடு நிற்கிற இடத்தில் பாதையை விட்டு இறங்காமல் சற்று நேரம் நின்று பாருங்கள். வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். அதற்காக அவர்களோடு சண்டை போட வேண்டாம். மரைகள் கிட்டத்தில் வந்து மூக்கை நீட்டும். பிஸ்கட் போடாதீர்கள்.