பதினஞ்சு கோல் கடன்!

ஹாக்கியைக் கணக்குப் பாடமாகப் பார்த்திருக்கிறீர்களா ஸார்? பி.காம். படித்துவிட்டு டெபிட், கிரெடிட் தவிர வேறெதையும் நம்பாத என் மாதிரி ஆசாமிகளுக்காகவே 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஓர் ஆசியக் கோப்பை நடந்தது.

சீனியர்கள் பலரை விட்டுவிட்டு இளவட்டங்களாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். கோச், சர்தார் சிங். முதல் ஆட்டம் பாகிஸ்தானோடு. நம்ம அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம், இந்தியாவுக்காக இறங்கிய முதல் மாட்சிலேயே கோல் போட்டார். (பூலாம்பாடி பெரம்பலூர் மாவட்டமாச்சே, அரியலூர் எப்படி 'நம்ம' ஊர் என்று கேட்கக் கூடாது. 2001-ல் பிரித்தார்கள், 2002-ல் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரி. நாங்கள் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்வதில்லை!) ஜெயித்தாச்சு என்று நிமிர்ந்தபோது, கடைசி நேரத்தில் பாகிஸ்தான் ஒன்று போட்டு 1-1. மறுநாள் ஜப்பான் 5-2 என்று சாத்தி அனுப்பியது. அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒருத்தன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். சித்தப்பா பையன். மே 21-ம் தேதி குரூப் 2 முதல்நிலைத் தேர்வு எழுதிவிட்டு வந்து, விடைகளை ஒத்துப் பார்த்தவன், அன்றோடு சவரம் செய்வதையே நிறுத்திவிட்டான். "எல்லாம் போச்சுண்ணே. மலேசியாவுக்குப் போயிடறேன். மாமா கூப்பிடறாரு" என்றான். எங்கள் ஊரில் இது வெறும் மிரட்டல் இல்லை. அக்கரைக்குப் போனவர்கள் அனுப்பிய காசில் எழுந்த மாடி வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. சித்தி சரியாகச் சாப்பிடவில்லை.

26-ம் தேதி சாயங்காலம் அவனைப் பிடித்து உட்கார வைத்து செல்போனை நீட்டினேன். "இந்தோனேஷியாவோட மாட்சு. பாருடா."

"எத்தினி கோலு போடணும்?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்தியா போட்டது மூன்று, வாங்கியது ஆறு. ஆக, மூன்று கோல் கடன். பாகிஸ்தான் இந்தோனேஷியாவுக்கு 13 போட்டு, நம்மோடு டிரா செய்து, அன்று ஜப்பானிடம் 2-3 என்று தோற்றிருந்தது. அவர்கள் கையிருப்பு 12. நாம் ஜெயித்தால் இரண்டு பேருக்கும் 4 பாயின்ட். பதினைந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் கையிருப்பும் சமம். அப்புறம் யார் அதிகம் போட்டது என்று பார்த்தால் நாம் 18, அவர்கள் 16. பதினைந்து போதும்!

"பதினஞ்சா? இது ஹாக்கியாண்ணே, கபடியா?" என்றான். ஐந்து நாளில் அவன் அடித்த முதல் ஜோக்.

பாதி ஆட்டத்தில் ஆறுதான். இன்னும் ஒன்பது வேண்டும். நான் மனசுக்குள் கணக்கை மூடிவிட்டேன், அவன் மூடவில்லை. இடைவேளைக்கு அப்புறம் கார்த்தி மட்டும் இரண்டு போட்டார். திப்சன் திர்க்கி ஐந்து. கடைசி நிமிஷங்களில் பதினைந்து வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வந்தது. 16-0! திண்ணையில் குதித்த குதியில் எதிர் வீட்டுப் பாட்டி, "என்னடா, வேலை கெடைச்சிருச்சா?" என்று கேட்டார்.

அதே ஜப்பானை 28-ம் தேதி 2-1 என்று பழி தீர்த்தார்கள். மலேசியாவோடு 3-3, கொரியாவோடு 4-4. ஃபைனல் தவறிப்போனது. ஜூன் 1-ம் தேதி மறுபடி ஜப்பான், 1-0, வெண்கலம்.

அன்றைக்குத் தம்பி முகத்தில் தாடி இல்லை. ஜூலை 24-ல் நடக்கவிருந்த குரூப் 4-க்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். ஆனாலும் வாய் அடங்குமா?

"என்னண்ணே, இவ்ளோ செஞ்சும் மூணாவதுதானே?"

"ஏன்டா, குரூப் 4-ல மூணாவது ரேங்க் வந்தா வேணாம்னு எழுதிக் கொடுத்துருவியா?"

பதில் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினான்.