உடைமையும் உடைதலும்

ஓர் இல்லத்தை விட்டு மற்றோர் இல்லம் புகுதல் எளிய செயலென்று இளமையில் எண்ணியிருந்தேன். திருமடத்துக் கல்லூரியிற் பயின்ற நாளில் என் பொருள் அனைத்தும் ஒரு தகரப்பெட்டிக்குள் அடங்கும். பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தால் வீடு மாறிவிடும். முப்பத்தைந்து ஆண்டுகள் விருதுநகரில் தமிழாசிரியனாயிருந்து ஓய்வு பெற்று, அறுபத்தேழாம் அகவையில் சிவகாசிக்குக் குடிபெயர நேர்ந்தபோதுதான், ஒரு மனிதன் தன்னையறியாமலே எத்துணைப் பொருள்களைச் சேர்த்துவிடுகின்றான் என்பது விளங்கிற்று. அவற்றுட் சில வழியிற் சேதமுற்றன. அச்சேதத்தால் அடியேன் கற்றுக்கொண்டதனை அன்பர்கட்கு எடுத்துரைத்தல் பயனுடையதாகுமென்று கருதி இதனை எழுதலானேன்.

என் மனையாள் சிவனடி சேர்ந்து இரண்டாண்டு ஆயிற்று. முதுமையில் தனித்திருத்தல் தகாதென்று சிவகாசியில் வாழும் என் மகள் பலமுறை வற்புறுத்தவே, சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், தீபாவளி கழிந்த மறுவாரம், அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு சிறு வீடு அமர்த்திப் புறப்படத் துணிந்தேன். தீபாவளிக்கு முன்னர் அப்பக்கத்தில் லாரி கிடைப்பது அரிது. வண்டிகள் பட்டாசுப் பெட்டிகளைச் சுமந்து நாற்றிசையும் ஓடிக்கொண்டிருக்கும். பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் அடைபடும். வண்டியும் ஆளும் எளிதிற் கிடைக்கும். ஆனால் அதுவே மழைக்காலமும் ஆம். வாடகை குறைவென்பதை எண்ணினேனன்றி மழையை எண்ணினேனில்லை.

நூல்களை எதிற் கட்டுவதென்ற வினா எழுந்தது. அட்டைப்பெட்டிகள் வாங்கிக்கொள்ளுமாறு மகள் தொலைபேசியிற் சொன்னாள். வீண்செலவென்று மறுத்துவிட்டேன். விருதுநகர் வத்தலுக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பெயர்பெற்ற வணிக ஊராதலின் அங்கே சாக்குக்குப் பஞ்சமில்லை. மண்டியிலிருந்து இருபது பழஞ்சாக்குகள் வாங்கி, திருமுறைகளையும், சாத்திர நூல்களையும், இலக்கண உரைகளையும் அவற்றுள் இட்டுக் கட்டினேன். என் மனையாள் தாய்வீட்டிலிருந்து கொணர்ந்த பித்தளைக் குத்துவிளக்கைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பொதிய வேண்டியவன், முழுவதாகவே ஒரு பழஞ்சேலையிற் சுற்றி மூட்டைகளின்மேற் சாய்த்து வைத்தேன். எந்தப் பொருள் எத்தனை, அதன் மதிப்பு யாது என்று ஒரு பட்டியலும் எழுதினேனில்லை. மாணாக்கர்க்கு முப்பத்தைந்து ஆண்டு ஒழுங்கு கற்பித்தவன் செய்த ஒழுங்கு இது.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஆண்டின் பெரும்பகுதி மழை காணாத வறள்நிலம் அது. அவ்வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் ஏற்றதாயமைந்து சிவகாசியை வளர்த்தது. அன்றைக்கோ, வண்டி ஆமத்தூரைத் தாண்டியதும் பெருமழை பிடித்துக்கொண்டது. மேலே போர்த்திருந்த தார்ப்பாய் இரண்டிடங்களிற் கிழிந்திருந்தது என்பதை வண்டி நின்ற பின்னரே கண்டோம்.

சுமை இறக்கும்போது கண்ணாடி அலமாரியின் ஒரு கதவு நொறுங்கியிருந்தது. அதனைப் பார்த்து மனம் கொதித்துக்கொண்டிருந்த வேளையில், சுமைதூக்க வந்திருந்த இளைஞன் ஒருவன் கையிலிருந்து குத்துவிளக்கு நழுவிப் படிக்கல்லில் வீழ்ந்தது. தண்டு வளைந்து கழுத்தில் முறிந்தது. உச்சியிலிருந்த அன்னத்தைக் காணவில்லை. யான் அப்போது சொல்லிய சொற்களை ஈண்டு எழுத நாணுகின்றேன். “கூலியிற் பிடித்தாலன்றி உனக்கு அறிவு வாராது” என்று முடித்தேன். உடன்வந்த மேற்பார்வையாளர் உடனே இசைந்து, அன்றைய கூலியிற் பாதியைக் குறைப்பதாகச் சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவ்விளைஞன் மறுமொழி கூறாமல், முறிந்த பகுதிகளைத் தன் துண்டால் துடைத்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான்.

அந்தியில் சாக்குகளை அவிழ்த்தேன். மழைநீரைக் குடித்த சணல், நூல்களைச் சுற்றி ஈரப் போர்வைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. இருபதில் ஏழு மூட்டைகள் நனைந்திருந்தன. பெட்டியில் வைத்திருந்தால் சில நூல்களே நனைந்திருக்கும். சாக்கோ ஓரிடத்து நீரை எல்லாவிடத்துக்கும் பரப்பிவிட்டது. அடுத்த வீட்டார் அச்சகத்திற் பணிபுரிபவர். அவர் எட்டிப் பார்த்து, “ஐயா, வெயிலிலோ அடுப்புக்கருகிலோ வைத்துவிடாதீர்கள், அட்டை முறுக்கிக்கொள்ளும். நாளை வரைக்கும் விட்டாலும் பூசணம் பிடிக்கும்” என்று சொல்லி, அச்சிடாத வெள்ளைத்தாள் கழிவுகளை ஒரு கட்டுக் கொணர்ந்து கொடுத்தார். நாட்காட்டி அச்சிடும் பணி மும்முரமாயிருந்த காலம் அது. அவர் இரவுமுறைக்குப் போக வேண்டியவர். பத்துப் பதினைந்து ஏடுகளுக்கு ஒரு தாளாக இடைவைத்து, அத்தாள் ஈரம் குடித்ததும் மாற்றி, மின்விசிறிக் காற்றில் நிழலிலே உலர்த்த வேண்டுமென்று காட்டிவிட்டுச் சென்றார்.

யானும் மகளும் அமர்ந்து அவ்வேலையைத் தொடங்கிய சிறிது நேரத்தில் வாயிலில் ஆளரவம் கேட்டது. பகலில் என்னிடம் வசைபட்ட இளைஞன் நின்றான். லாரியின் பலகை இடுக்கிற் கிடந்ததென்று விளக்கின் அன்னத்தை நீட்டினான். அப்போதுதான் அவன் வலக்கையைக் கண்டேன். தோல் இழுத்துப் பளபளத்தது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பட்டாசு ஆலையில் மூன்றாண்டுகட்கு முன் பட்ட தீக்காயம் என்று, கேட்ட பின்னரே சொன்னான். ஆலை அடைத்திருக்கும் வாரங்களில் சுமைதூக்கப் போவானாம். பாதிக் கூலி இழந்தவன், இழக்கச் செய்தவனுக்கு ஒரு பித்தளைத் துண்டைக் கொடுப்பதற்காக மழையில் நடந்து வந்திருந்தான்.

உள்ளே விரிந்து கிடந்த நூல்களைப் பார்த்துவிட்டு, “இதை நான் செய்யலாமா, ஐயா?” என்று கேட்டு அமர்ந்தான். காகிதக் குழல் சுற்றிப் பழகிய கை அது. கனத்த விளக்கைப் பற்ற இயலாத அக்கை, ஈர ஏடுகளைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிழியாமற் பிரித்தது. மூட்டையொன்றை யான் தரையில் இழுக்கப்போனபோது தடுத்து, தூக்கி வைக்கச் சொன்னான். ஆலையில் எதனையும் இழுக்கலாகாது; மருந்திருக்கும் இடத்தில் உராய்வே முதற்பகை என்பதனால் அப்பழக்கம் அவனுக்கு ஊறிவிட்டதாம். பழஞ்சாக்கிலிருந்த வத்தல் நெடியால் மூவரும் மாறிமாறித் தும்மிக்கொண்டே நள்ளிரவு கடந்தும் தாள் மாற்றினோம். விடைபெறும்போது யான் கொடுத்த பணத்தை அவன் வாங்கவில்லை.

மறுநாட்காலை காசி விசுவநாதர் திருக்கோயிலுக்குச் சென்றேன். இவ்வூர்ப் பெயருக்கே காரணமான அத்தலத்தின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. பதினைந்தாம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து இலிங்கத் திருமேனியைத் தென்காசிக்குக் கொணரும் வழியில், வில்வவனமாயிருந்த இவ்விடத்தில் தங்கினான் என்றும், அதனைச் சுமந்துவந்த பசு மேலும் நடக்க மறுத்ததால் அத்திருமேனியை இங்கேயே எழுந்தருள்வித்தான் என்றும் கூறுவர். அப்பாண்டியனே தென்காசியில் விசுவநாதப் பெருமானுக்குப் பேராலயம் எடுத்தவன். அங்கே அவன் பெயரால் பொறிக்கப்பட்ட செய்யுட்கள் சில உள. பல ஆயிரம் கல்வெட்டுக்களின் இறுதியில், அறத்துக்குக் கேடு செய்தவன் இன்ன பாவத்திற் போவான் என்று சபிக்கும் தொடர் காணப்படும். இப்பாண்டியனோ வேறொன்று செய்தான். பின்னாளில் இவ்வாலயத்துக்கு ஏதேனும் பழுது வருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியத் தான் பணிவதாகப் பொறித்து வைத்தான். பழுது வந்தே தீரும் என்று அறிந்த மன்னன், பழுது செய்தவனை வைவதற்குச் சொல்லைச் செலவிடவில்லை; திருத்தும் கையை முன்கூட்டியே வணங்கினான். அவ்வாலயக் கோபுரமும் பழுதுபட்டு நெடுங்காலம் சிதைந்து நின்று, பின்னர் ஒன்பது நிலையோடு எழுப்பப்பெற்று, 1990 ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்டது.

தென்காசியில் அச்செய்யுளை மாணாக்கர்க்குக் காட்டிப் பலமுறை பொருள் சொன்னவன் யான். தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் உயிருக்கு இறைவன் அளித்த இரவற்பொருள் என்று வகுப்புத்தோறும் விரித்தவனும் யானே. ‘உடை’ என்னும் ஒரே வடிவினின்று உடைமை என்ற சொல்லும் உடைதல் என்ற சொல்லும் வருவதனை வேடிக்கையாக எடுத்துக்காட்டுவதும் உண்டு. அத்தனையும் ஒரு விளக்கு வீழ்ந்த ஓசையில் எங்கோ போயின. இரவற்பொருள் பழுதுபட்டமைக்காக, இறைவன் அளித்த மற்றோர் உடம்பை, தீயால் ஏற்கெனவே பழுதுபட்ட உடம்பை, கூலியிழக்கச் செய்தேன்.

கோயிலினின்று நேரே வண்டி அலுவலகத்துக்குச் சென்றேன். விளக்கு பொதிந்த முறையும் சாக்கிற் கட்டியதும் என் பிழையென்றும், இளைஞனின் கூலியைக் குறைத்தல் கூடாதென்றும், கிழிந்த தார்ப்பாயும் உடைந்த கண்ணாடியும் அவர்கள் பொறுப்பென்றும் எழுதிக் கொடுத்தேன். பொறுமை என்பது நியாயத்தைக் கைவிடுதலன்று. சரக்கேற்றிச் செல்வோர்க்குரிய 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இழப்பைப் பற்றிச் சரக்குப் பதிந்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்தால் அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பின்றி வழக்குத் தொடுத்தல் இயலாது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட இரண்டாண்டு எல்லையுண்டு. ஆயினும் பட்டியலும் மதிப்பும் முன்னரே எழுதி வாங்காதவன் பின்னர் எதனைக் காட்டுவான்? ஆதலின் வீடு மாறும் அன்பர்கள், பொருள்களின் பட்டியலை இரண்டு படியெழுதி ஒன்றில் வண்டிக்காரர் கையொப்பம் பெறுக. ஏற்றுமுன் நிழற்படம் எடுத்துக்கொள்க. தார்ப்பாயை விரித்துப் பார்த்த பின்னரே மூட்டையை ஏற்றவிடுக. அலுவலகத்தார் சிறிது வாதாடிக் கண்ணாடிக்குப் பாதி விலை கொடுத்தனர். கூலி முழுதும் என் கண்முன் அவ்விளைஞனுக்கு அளிக்கப்பட்டது. அவனிடம், “தம்பி, யான் நேற்றுச் சொன்னது தவறு” என்றேன். அவன் வெட்கத்துடன் தலையைக் குனிந்துகொண்டான்.

நூல்கள் உலரப் பன்னிரண்டு நாள் சென்றன. வழவழப்பான தாளில் அச்சிட்ட சில மலர்கள் ஒட்டிக்கொண்டு பிரிக்க இயலாதனவாயின. மற்றவை அலையலையாய் நெளிந்தாலும் படிக்கத்தக்க நிலையில் உள. சிவஞான மாபாடியப் படியொன்று என் ஆசிரியர் எனக்கு அளித்தது. அதன் ஓரங்களில் அவர் கரிக்கோலால் எழுதிய குறிப்புக்கள் ஓரெழுத்தும் அழியவில்லை. பின்னாளில் அவற்றை மறுத்தும் திருத்தியும் யான் மைக்கோலால் பெருமிதத்தோடு எழுதியவை முழுதும் கரைந்து நீலக்கறையாய்ப் பரவிப்போயின. அவற்றுட் பெரும்பாலன எவை என்று இப்போது நினைவுக்கு வரவில்லை. ஆசிரியர் குறிப்புக்களை மறுபடியும் முதலிலிருந்து படித்து வருகின்றேன்.

விளக்கைப் பாத்திரக் கடைத்தெருவில் ஒருவர் தட்டி நிமிர்த்திப் பற்றவைத்துக் கொடுத்தார். கழுத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிகின்றது. புதுவிளக்கு வாங்கலாமே என்று மகள் கேட்டாள், வேண்டா என்றேன். திருக்கார்த்திகையன்று அதனை ஏற்றினோம். அச்சகத்து அன்பர் குடும்பத்தோடு வந்தார். ஆலை மீளத் திறந்துவிட்டபடியால் இளைஞன் மாலைப்பணி முடிந்த கோலத்தோடே வந்து, அன்னத்தைச் சரியாகத் திருகியிருக்கின்றேனா என்று முதலிற் பார்த்தான். சற்றுத் தளர்ந்திருந்ததை மடங்காத விரல்களாலேயே முடுக்கிவிட்டுத் திரியைத் தூண்டினான். அக்கைக்கு மீண்டும் ஓர் ஊறு நேராதிருக்க வேண்டுமென்று அன்று விசுவநாதப் பெருமானை வேண்டினேன், இன்றும் வேண்டுகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.