இரவில் மேய்ந்து விடியலில் திரும்பும் எருமைகள்

குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தில், புஜ் நகருக்கு வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் பன்னி புல்வெளி விரியும். பெயரைக் கேட்டதும் நம்மூரில் சிரிப்பு வரும். அங்கே புல்வெளிக்கும் அதுதான் பெயர், எருமைக்கும் அதுதான். பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். உவர் மண், குறைந்த மழை, கொளுத்தும் கோடை. எருமைக்கோ தோல் கறுப்பு, வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. பகல் வெயிலில் மேய்ந்தால் மூச்சு வாங்கும், பாலும் குறையும்.

இதற்கு மால்தாரிகள் என்னும் கால்நடை வளர்ப்போர் கண்ட வழி எளிமையானது. மாலையில் பால் கறந்ததும் எருமைகளை மேய்ச்சலுக்கு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கூடவே ஆள் போவதில்லை. மந்தை இரவெல்லாம் நடந்து மேய்ந்து, காலைக் கறவைக்குத் தானாகவே ஊர் திரும்பும். பகலில் குட்டையும் நிழலும்தான். இரட்டைச் சுருள் கொம்புடைய இந்த எருமை, 2010-ல் நாட்டின் 11-வது எருமை இனமாகப் பதிவு பெற்றது.

ஹரியானாவின் ரோத்தக், ஹிசார் பக்கம் கதை வேறு. முர்ரா எருமை தொழுவத்தில் நிற்கும். பெர்சீம் தீவனம், கோதுமை வைக்கோல், பருத்திக்கொட்டை எல்லாம் அதன் காலடிக்கு வந்து சேரும். பால் கூடுதல்தான், செலவும் அப்படியே. அங்கே பெரிய தலைவலி ஊமைச் சினைப்பருவம். எருமை கத்தாது, அறிகுறி பல நேரம் இரவில்தான் தெரியும். அதிகாலையிலும் இரவிலும் வளர்ப்பவர் கவனிக்காவிட்டால் 21 நாள் வீண். பன்னியில் மந்தையோடு பொலி எருமையும் போவதால், அந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது.

ஆனால் பன்னியில் புல் சுருங்கி வருகிறது. உப்பு நிலம் பரவாமல் தடுக்க 1960-களில் வனத்துறை நட்டது, நமக்கு நன்கு தெரிந்த சீமைக் கருவேலம். அதன் நெற்றைத் தின்ற காங்க்ரேஜ் மாடுகள் செரிமானம் கெட்டு நோயில் விழுந்தன. பலர் மாட்டை விட்டு எருமைக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். 1955-லேயே பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்ட நிலம் என்பதால், அங்குள்ள கிராமங்கள் வன உரிமைச் சட்டத்தின்படி மேய்ச்சல் உரிமை கேட்டு வருகின்றன. புல்வெளி போனால் இரவு மேய்ச்சலும் போய்விடும். பிறகு பன்னி எருமையும் தீவனம் வாங்கிப் போட வேண்டிய தொழுவ எருமைதான்.

பன்னி எருமை வாங்க நினைப்பவர்கள் கறவை அளவை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். ஊரில் மேய்ச்சல் நிலமோ குட்டையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டியே வளர்ப்பதானால் நிழல், கோடையில் உடலை நனைக்கப் போதிய தண்ணீர், ஆண்டு முழுதும் பசுந்தீவனம் ஆகிய மூன்றையும் தயார் செய்துவிட்டுப் போங்கள். மந்தையில் நடந்து பழகிய கறவை எருமையைவிட, கட்டுத்தறிக்குப் பழக்கக்கூடிய கிடேரியே மேல்.